தேக்கு, ரோஸ்வுட், படாக்: எண்ணெய்ப் பசை உள்ள மரத்துக்கு ஸ்பிரிட் பாலிஷா, மெலமைனா, பி.யூ.வா, வெறும் எண்ணெயா?

பர்மா தேக்குல வாசக்கதவு போட்டாச்சு, பாலிஷ் போடறவர் மெலமைன் போதும்ங்கறார், இன்டீரியர் பண்றவர் பி.யூ. (பாலியூரித்தேன்) தவிர எதுவும் வேண்டாம்ங்கறார், வீட்டுப் பெரியவங்க ஸ்பிரிட் பாலிஷ்தான் அழகுங்கறாங்க, யூட்யூப்ல பாத்தா எல்லாரும் எண்ணெயத் துணியில நனைச்சு தேய்ச்சுட்டுப் போறாங்க, இதுல எதைத்தான் எடுக்கறதுன்னு நிறைய பேர் கேக்கறீங்க. அதே கேள்வி பழைய ரோஸ்வுட் கட்டிலுக்கும் வருது, படாக்ங்கற செந்நிற மரத்துல பண்ணின டேபிளுக்கும் வருது. நாலு பேர் சொல்றதும் ஏதோ ஒரு இடத்துல சரிதான், ஆனா அதே யோசனைய வேற மரத்துலயோ வேற இடத்துலயோ போட்டா வேலை மொத்தமும் பாழாயிடும். இந்த மரங்கள் சாதாரண மரம் மாதிரி நடந்துக்கறதில்ல, அதனால மாமரத்துக்கோ ரப்பர்வுட்டுக்கோ சொல்ற யோசனைய அப்படியே எடுத்து இதுல போட முடியாது.

இந்த மரத்துக்குள்ள என்ன இருக்கு

தேக்குல டெக்டோகுவினோன், லபாச்சால்னு சில இயற்கை ரசாயனம் இருக்கு, கூடவே ரப்பர் மாதிரி ஒரு பொருளும் இருக்கு. கையால தடவினா மெழுகு தடவின மாதிரி வழுக்கறதும், கரையான் சுலபத்துல கிட்ட வராம இருக்கறதும் இதுங்களாலதான். ரோஸ்வுட்லயும் (நம்ம ஈட்டி, தோதகத்தி) அதே குவினோன் குடும்பத்தைச் சேர்ந்த பொருட்கள் இருக்கு. மரத்தைக் காப்பாத்தற அதே சரக்குதான் நாம மேல போடற பூச்சுக்கு எதிரியும்.

எப்படின்னா, பூச்சு எல்லாம் ஒரே மாதிரி காயறதில்ல. ஸ்பிரிட் பாலிஷும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரும் கரைப்பான் ஆவியாப் போனதும் காஞ்சுடும். ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய் (ஒரு மரத்தோட கொட்டையில இருந்து எடுக்கறது), எண்ணெய் கலந்த வார்னிஷ் எல்லாம் காத்துல இருக்கற ஆக்சிஜனை இழுத்துத்தான் கெட்டியாகும். மெலமைன், டூ-பேக் (ரெண்டு டப்பாவா வந்து கலந்து அடிக்கற) பி.யூ. ரெண்டும் ஹார்டனரோட, அதாவது இறுக வைக்கற சரக்கோட சேர்ந்து ரசாயன வினையால கெட்டியாகும். இந்த மரங்கள்ல இருக்கற சரக்கு, ஆக்சிஜனை வச்சு காயற ரெண்டாவது வகையத்தான் நேரடியாத் தடுக்கும். ரோஸ்வுட்ல எண்ணெய் வார்னிஷ் அடிச்சு ஒரு வாரம் ஆகியும் விரல் ஒட்டுதுன்னா அதுக்கு இதுதான் காரணம், ஆள் மேலயும் தப்பில்ல, டப்பா மேலயும் தப்பில்ல. முதல் வகையும் மூணாவது வகையும் பெரும்பாலும் காஞ்சுடும், ஆனா ஒட்டறதுல பிரச்சனை வரலாம்.

இன்னொண்ணு, எல்லாத் தேக்கும் ஒண்ணில்ல. மியான்மர் 2014 ஏப்ரல்லயே தேக்கை முழு மரமா ஏத்துமதி பண்றதை நிறுத்திடுச்சு. இப்ப கடையில கிடைக்கற தேக்குல கணிசமானது கானா, ஈக்வடார், கோஸ்டா ரிகா மாதிரி நாடுகள்ல தோட்டமா வளத்து சின்ன வயசுலயே வெட்டினது. அதுல வெளிர் நிற வெளிமரம் (பட்டையை ஒட்டின பகுதி) அதிகம், எண்ணெய் கம்மி. உங்க மரம் எந்த ரகம்னு தெரியணும்னா வெள்ளைத் துணியில கொஞ்சம் தின்னர் விட்டு தேய்ச்சுப் பாருங்க, துணி நல்லா மஞ்சளாவோ பழுப்பாவோ ஆச்சுன்னா கீழ சொல்ற எச்சரிக்கை முழுசும் உங்களுக்குத்தான்.

எதை வச்சு அளக்கணும்

பளபளப்பையும் ஒரு சதுர அடிக்கு என்ன ரேட்டுங்கறதையும் மட்டும் பாத்துத்தான் முக்கால்வாசிப் பேர் முடிவு பண்றோம். நான் பாக்கச் சொல்றது வேற. இந்த மரத்து மேல அது காயுமா, காஞ்சா ஒட்டுமா. நேர் வெயில் படுமா. தண்ணி, மஞ்சள், எண்ணெய், வேர்வை எவ்வளவு படும். அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு இடத்துல மட்டும் கெட்டுப்போனா அந்த இடத்தை மட்டும் சரி பண்ண முடியுமா, இல்ல முழுசாச் சுரண்டணுமா. இந்தக் கடைசிக் கேள்விய கொட்டேஷன் வாங்கற நேரத்துல யாருமே கேக்கறதில்ல, ஆனா பத்து வருஷக் கணக்குல பெரிய செலவு அங்கதான் உக்காந்திருக்கு.

எதைப் போட்டாலும் முதல்ல பண்ண வேண்டியது

எந்த பாலிஷா இருந்தாலும் மரத்தை அன்னைக்கே உப்புத்தாள் போட்டு, அன்னைக்கே முதல் கோட் அடிக்கணும். தேய்ச்சு வச்சுட்டு நாலு நாள் கழிச்சு வந்து அடிச்சா, அதுக்குள்ள உள்ள இருக்கற எண்ணெய் மறுபடி மேல வந்து படிஞ்சிருக்கும். 180ல இருந்து 220 நம்பர் வரை போதும், அதுக்கு மேல கண்ணாடி மாதிரி தேய்ச்சா பூச்சு பிடிக்கறதுக்கு இடம் இருக்காது. தேய்ச்ச தூசிய நல்லாத் தட்டிட்டு, அசிட்டோன் இல்லன்னா நல்ல என்.சி. தின்னர் நனைச்ச வெள்ளைத் துணியால துடைச்சு, அது ஆவியானதும் தள்ளிப்போடாம முதல் கோட் அடிங்க. மண்ணெண்ணெய்ல துடைக்கறது வேண்டவே வேண்டாம், அது தன் பங்குக்கு ஒரு பிசுபிசுப்பை விட்டுட்டுப் போகும். ஒரே விதிவிலக்கு படாக், ரோஸ்வுட்ல பக்கத்துலயே வெளிர் மரம் வச்சு டிசைன் பண்ணியிருந்தா தின்னரே வேண்டாம், சிவப்புச் சாயம் கரைஞ்சு வெள்ளை மரத்துல இறங்கிடும், அங்க உப்புத்தாளும் உலர்ந்த துணியும் மட்டும்தான்.

தேய்க்கறப்ப மாஸ்க் கண்டிப்பாப் போடுங்க. தேக்கு, ரோஸ்வுட், படாக் மூணோட தூசியும் சிலருக்குத் தோல்ல அரிப்பு, மூச்சுல தொந்தரவு கொண்டுவரும். வேலை செய்யறவங்க கேக்கலன்னாலும் நாமளே வாங்கிக் குடுக்கறது நல்லது, தினமும் இதே தூசிய சுவாசிக்கறது அவங்கதான்.

ஸ்பிரிட் பாலிஷ்

அரக்குல இருந்து எடுக்கற ஷெல்லாக்கை ஸ்பிரிட்ல கரைச்சு, பஞ்சை உள்ள வச்ச துணிப் பொட்டலத்தால திரும்பத் திரும்பத் தேய்க்கற வேலை. ஜார்க்கண்ட் பக்கம் நிறைய விளையற அரக்குதான் இதுக்கு மூலப்பொருள். எண்ணெய் மரத்தோட இதுக்கு நல்ல பொருத்தம், ஸ்பிரிட் ஆவியானதும் காஞ்சுடும், குவினோன் எதையும் தடுக்க முடியாது, ஒட்டறதும் நல்லா ஒட்டும். ரோஸ்வுட்ல இதைப் போட்டா அந்தக் கருஞ்சிவப்பும் கறுப்புக் கோடும் உள்ளுக்குள்ள இருந்து எழும்பி வர்ற மாதிரி தெரியும், வேற எந்தப் பூச்சுலயும் எனக்கு அந்த அழகு கிடைச்சதா தோணல. செதுக்கு வேலை இருக்கற பூஜை ரூம் கதவுக்கும் இது நல்லது, படலம் மெல்லிசு, சிற்ப வேலையோட ஓரம் மழுங்காது.

ரிப்பேர்ல இதை அடிச்சுக்க ஆளில்ல. புதுசா தேய்க்கற பாலிஷ் பழைய பாலிஷைக் கொஞ்சம் கரைச்சு அதோட கலந்துடும், அதனால ஒரு மூலையில கீறல் விழுந்தா அந்த மூலைய மட்டும் சரி பண்ணலாம்.

பலவீனமும் இருக்கு. சூடான பாத்திரம் வச்சா வெள்ளை வளையம் விழும், ஹேண்ட் சானிட்டைசர் சிந்தினா அப்படியே கரைஞ்சுடும், சோப்புத் தண்ணியும் சோடாவும் ஆகாது. வெளி வெயிலுக்கு சரிவரவே வராது. ஐப்பசி கார்த்திகை ஈரக்காத்துல தேய்ச்சா மேல வெள்ளையாப் பூத்துடும். கண்ணுக்குத் தெரியாத செலவு எங்கன்னா, தெரிஞ்ச ஆள் கிடைக்கறது கஷ்டமாயிட்டே வருது, கிடைச்சாலும் நாள்கணக்குல கூலி, சில வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். ஏற்கனவே கரைச்சு மாசக்கணக்கா வச்சிருந்த ஷெல்லாக்கை வாங்கினா சரியாக் காயாம பிசுபிசுன்னு நிக்கும், அதனால செதில் வாங்கி கண்ணு முன்னால கரைக்கச் சொல்லுங்க.

படாக்குக்கு மட்டும் ஒரு குறிப்பு. அந்தச் சிவப்பு ஸ்பிரிட்லயும் கரையும், பொட்டலம் முழுக்க சிவப்பாகி பக்கத்து மரத்துல ஏறும். முதல் ரெண்டு கோட் மெல்லிசா ஸ்பிரே பண்ணி மூடிட்டு அப்புறம் தேய்க்கறதுதான் வழி.

மெலமைன்

நம்ம ஊர்ல ரொம்பப் பேர் போடறது இது. டூ-பேக், ஆசிட் ஹார்டனர் சேர்த்து அடிப்பாங்க, காஞ்சா நல்ல கடினமான படலம், தண்ணி, டீக்கறை, மஞ்சள் எல்லாம் தாங்கும், விலையும் பி.யூ.வை விட நல்லாவே கம்மி. வீட்டுக்குள்ள இருக்கற தேக்கு அலமாரி, ரூம் கதவு, ஊஞ்சல் பலகை இதுக்கெல்லாம் மெலமைன் நியாயமான தேர்வுதான், பி.யூ. போடலயேன்னு யாரும் வருத்தப்பட வேண்டாம்.

வெளிய போடாதீங்க. இதோட படலம் கடினம், ஆனா வளைஞ்சு குடுக்காது. வெயில்லயும் மழையிலயும் மரம் விரிஞ்சு சுருங்கறப்ப கூடவே போக முடியாம நுண்ணிய விரிசல் விடும், அது வழியா தண்ணி உள்ள போகும், எண்ணெய் மரத்துல ஏற்கனவே பிடிப்பு கம்மியா இருக்கறதால செதில் செதிலா உரியும். தெற்கு, மேற்கு பாத்த வாசக்கதவுல மஞ்சளடிச்சு உரிஞ்சு நிக்கற பாலிஷ்கள்ல நிறைய இந்தக் கதைதான்.

இதுக்குள்ள மறைஞ்சிருக்கற செலவு ரெண்டு. காயற நேரத்துல ஃபார்மால்டிஹைடு வாடை வரும், கண்ணு எரியும், குழந்தைங்களும் ஆஸ்துமா உள்ளவங்களும் இருக்கற வீட்ல சில நாள் அந்த ரூமைக் காலி பண்ணி ஜன்னலைத் திறந்து வைக்கணும். ரெண்டாவது, கெட்டுப்போனா ஒட்டு போடற வேலை நடக்காது, முழுசாச் சுரண்டித்தான் மறுபடி அடிக்கணும்.

பி.யூ.

இங்கதான் ஜாஸ்தி குழப்பம். ஒரே டப்பாவுல வர்றதும் பி.யூ.தான், ரெண்டு டப்பாவா வர்றதும் பி.யூ.தான், ஆனா குணம் வேற. ஒரே டப்பாவுல வர்ற பல பி.யூ. எண்ணெய் கலந்த வகை, ஆக்சிஜனை வச்சுத்தான் காயும், அதனால ரோஸ்வுட்ல நேரடியா அடிச்சா அதே ஒட்டற பிரச்சனை. ரெண்டு டப்பா பி.யூ. ஹார்டனரோட வினையாகி இறுகறது, எண்ணெய் மரத்துக்கு அதுதான் சரி. கொட்டேஷன்ல வெறும் பி.யூ.ன்னு எழுதியிருந்தா விடாதீங்க, டூ-பேக்கா, வெளிப்புறத்துக்கானதான்னு ரெண்டையும் எழுதி வாங்குங்க. ஏன்னா டூ-பேக்லயும் அரோமேட்டிக்னு ஒரு வகை இருக்கு, உள்ள நல்லா இருக்கும், வெயில் பட்டா மஞ்சளாயிடும். வாசக்கதவுக்கு சுலபத்துல மஞ்சளாகாத அலிஃபேட்டிக் வகை, அதுவும் புற ஊதாக் கதிரைத் தாங்கற சரக்கு சேர்த்தது வேணும்.

வேலை ஒழுங்கா நடந்தா வெயில், மழை, மஞ்சள், குங்குமம், விளக்கெண்ணெய்க் கறை எல்லாத்துக்கும் இதுதான் அதிகம் தாங்கும். நம்ம வீட்டு வாசல்ல நிலைக்கு மஞ்சள் தடவறது வெள்ளிக்கிழமை தோறும் நடக்கற விஷயம், மஞ்சள்ல இருக்கற நிறம் எண்ணெய்லயும் ஸ்பிரிட்லயும் நல்லாக் கரையக்கூடியது, அதனால எண்ணெய் தேய்ச்ச நிலையில உள்ள இறங்கிடும், நல்ல பி.யூ. படலத்துல பெரும்பாலும் மேலயே நின்னு துடைச்சா போயிடும்.

இப்ப பணம் எங்க வீணாகுதுன்னு பாருங்க. விலை ஒசத்தியான பி.யூ. வாங்கிட்டு, அடியில மட்டும் கையில இருக்கற என்.சி. சாண்டிங் சீலரை (மரத்தோட துளைய அடைக்கற அடி கோட்டை) தடிமனா இழுத்து விட்டுடுவாங்க, சீக்கிரம் காயும், தேய்க்க சுலபம்ங்கறதுக்காக. அந்த சீலர்கள்ல தேய்க்க வசதியா ஸ்டியரேட்னு சோப்பு மாதிரி வழுக்கற ஒரு பொருளைச் சேர்த்திருப்பாங்க, அது மேல பி.யூ. நல்லா ஒட்டாது. கீழ எண்ணெய் மரம், நடுவுல மெத்துன்னு ஒரு சீலர், மேல கடினமான பி.யூ., ரெண்டு கோடை தாண்டறதுக்குள்ள கொப்புளம் வந்துடும். அடி கோட் அதே கம்பெனியோட பி.யூ. சீலரா இருக்கணும், எண்ணெய் மரத்துக்குன்னே, உள்ள இருக்கற எண்ணெய் மேல வராம தடுக்கற பேரியர் சீலரோ ஐசோலேட்டரோ இருந்தா அதை வாங்கணும். மேல் கோட்டுக்கு எவ்வளவு காசு போட்டாலும் அடி கோட் தப்பா இருந்தா பலன் இல்ல, இந்தப் பதிவுல நீங்க ஒண்ணே ஒண்ணை ஞாபகம் வச்சுக்கறதா இருந்தா இதை வச்சுக்கங்க.

உள்ளுக்குள்ள இருக்கற ஃபர்னிச்சருக்கு மெழுகு நீக்கின ஷெல்லாக்கை ஒரு மெல்லிசு கோட் அடிச்சு மரத்தோட எண்ணெயை அடைச்சுட்டு அது மேல பி.யூ. போகலாம், ஒரே டப்பா பி.யூ.வும் தண்ணில கரையற பி.யூ.வும்கூட அப்படிப் போட்டா காஞ்சுடும். மெழுகு இருக்கற சாதாரண ஷெல்லாக் கூடாது, பி.யூ. அதுல நிக்காது. வெயில் படற கதவுக்கு இந்த வழியே வேண்டாம், ஷெல்லாக் சூட்டுல இளகும்.

செலவு சரக்குல மட்டும் இல்ல. தூசி இல்லாத இடம், ஸ்பிரே, கலந்த பிறகு சில மணி நேரத்துல தீத்தாகணும், மிச்சம் கொட்டணும். ஹார்டனர்ல இருக்கற ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து, துணியக் கட்டிட்டு ஸ்பிரே பண்றது பாதுகாப்பே இல்ல, அதுக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேணும். ரிப்பேரும் கஷ்டம்தான், ஆழமாக் கீறினா அந்தப் பலகை முழுக்க தேய்ச்சு அடிக்கணும்.

எண்ணெய், மெழுகு

வெளிநாட்டு வீடியோல பாக்க எவ்வளவோ சுலபமா இருக்கு, துணி, எண்ணெய், வேலை முடிஞ்சது. நம்ம எண்ணெய் மரத்துக்கு நான் தயங்கறது இதுலதான். தேக்குல மெதுவாக் காயும், ரொம்ப மெல்லிசா அடிச்சு மிச்சத்தைத் துடைச்சு எடுத்தா நல்லா வரும், கை படற இடத்துல மரத்தோட நயம் அப்படியே தெரியும். ரோஸ்வுட்ல மாசக்கணக்குல காயாமலே இருக்கலாம், அங்க நேரா எண்ணெய் வேண்டாம். டீக் ஆயில்னு விக்கறது பெரும்பாலும் ஆளிவிதை, டங் எண்ணெய், வார்னிஷ் கலவைதான், அதனால அதுக்கும் இதே விதி.

வெளிய போட்டா ஆளிவிதை எண்ணெய்ல பூஞ்சை பிடிச்சு கறுத்துடும், நம்ம ஈரப்பதத்துக்குக் கேக்கவே வேண்டாம். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை மறுபடி தேய்க்கணும், சரக்கு மலிவுன்னு நினைச்சு எடுத்தவங்களுக்கு அந்த உழைப்புதான் விலை. எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க, தானாச் சூடாகித் தீப்பிடிக்கும், விரிச்சுக் காயவச்சு இல்லன்னா தண்ணில முக்கி எடுத்துப் போடுங்க.

முந்திரிக் கொட்டையோட ஓட்டுல இருந்து எடுக்கற எண்ணெய் அடிக்கலாமான்னும் கேக்கறாங்க. ஓட்டு வீட்டு விட்டத்துக்கும் படகுக்கும் அது நல்ல காப்பு, ஆனா மரம் கறுத்துடும், பச்சையாக் கையில பட்டா புண்ணாக்கும். தேக்குக் கதவோட ரேகை தெரியணும்னா அதுக்கு இது இல்ல.

ஒண்ணுமே போடாம விடறது

தோட்டத்துல, மொட்டை மாடியில போடற தேக்கு பெஞ்சுக்கு என் முதல் யோசனை இதுதான். வெயில்லயும் மழையிலயும் தேக்கு வெள்ளி சாம்பல் நிறத்துக்குப் போகும், மேல் தோல் மட்டும்தான் மாறும், கப்பல் தளத்துல தேக்கை அப்படியே பூச்சு இல்லாம விடறாங்க. செலவு இல்ல, உரியறதும் இல்ல, சும்மா தண்ணி விட்டு மென்மையான பிரஷ்ஷால கழுவினா போதும். நிறம் போறது பிடிக்காதவங்களுக்கு இது ஒத்துவராது, வெளிமரம் நிறைய இருக்கற இளந்தேக்குக்கும் ஒத்துவராது, அந்த வெளிர் பகுதி சீக்கிரம் அழுகும்.

பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா

| | ஸ்பிரிட் பாலிஷ் | மெலமைன் | டூ-பேக் பி.யூ. | எண்ணெய் |
|---|---|---|---|---|
| தேக்குல காயறது | நல்லாக் காயும் | காயும் | காயும் | மெதுவா |
| ரோஸ்வுட்ல காயறது | நல்லாக் காயும் | காயும், சீலர் முக்கியம் | காயும், பேரியர் சீலரோட | வேண்டாம் |
| நேர் வெயில் | ஆகாது | ஆகாது | வெளிப்புற வகை மட்டும் | அடிக்கடி தேய்க்கணும் |
| தண்ணி, மஞ்சள் | சுமார் | நல்லாத் தாங்கும் | ரொம்ப நல்லாத் தாங்கும் | கறை இறங்கும் |
| சூடு, ஆல்கஹால் | தாங்காது | தாங்கும் | தாங்கும் | சுமார் |
| ரிப்பேர் | ரொம்ப சுலபம் | முழுசாச் சுரண்டணும் | கஷ்டம் | சுலபம் |
| மறைஞ்ச செலவு | கூலி, புதுப்பிக்கறது | வாடை, உரிஞ்சா மறுவேலை | சீலர், ஸ்பிரே, மாஸ்க் | வருஷா வருஷம் உழைப்பு |

யாருக்கு எது

வெயில் படற வாசக்கதவு, நிலை: வெளிப்புற டூ-பேக் பி.யூ., அதோட சீலரோட, பளபளப்பு வேண்டாம், மேட் இல்லன்னா சாட்டின், கீறல் தெரியாது. கதவோட மேல் விளிம்பு, கீழ் விளிம்பு ரெண்டையும் மாட்டறதுக்கு முன்னாடியே அடிச்சுடுங்க, நிறைய கதவு மழைக்காலத்துல உப்பி இறுகறது அந்த அடிக்காத கீழ் விளிம்பு வழியா ஈரம் ஏறித்தான்.

போர்டிகோ உள்ள தள்ளி, வெயிலே படாத கதவுன்னா மெலமைன் சில வருஷம் தாக்குப்பிடிக்கும், ஆனா எதிர்க்காத்துல சாரல் அடிக்கற வீடுன்னா அதுவும் வேண்டாம்.

பழைய ரோஸ்வுட் கட்டில், நாற்காலி, பெட்டி: ஸ்பிரிட் பாலிஷ், யோசிக்கவே வேண்டாம். தமிழ்நாட்ல ரோஸ்வுட் மரம் வெட்டறதைக் கட்டுப்படுத்த 1994லயே தனிச் சட்டம் வந்தது, உங்க வீட்ல இருக்கற மாதிரி பலகை இனிமே சுலபத்துல கிடைக்காது, அதுல திரும்ப எடுக்க முடியாத பூச்சைப் போட்டு அடுத்த தலைமுறைய சுரண்ட வைக்க வேண்டாம். தினமும் சாப்பிடற டேபிளா இருந்தா மட்டும் மேல்பலகைக்கு மெழுகு நீக்கின ஷெல்லாக் அடிச்சு அது மேல மேட் பி.யூ., கால்களுக்கு வெறும் ஸ்பிரிட் பாலிஷ்.

படாக்: எதைப் போட்டாலும் அந்தச் செந்நிறம் வெளிச்சத்துல பழுப்பாத்தான் போகும், புற ஊதாவைத் தடுக்கற பூச்சு அதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. அந்த நிறத்துக்காகவே வாங்கறவங்க இதைத் தெரிஞ்சுட்டு ஜன்னல்ல இருந்து தள்ளி வைங்க.

ஊஞ்சல் பலகை: தலையெண்ணெயும் வேர்வையும் தினமும் படும், மெலமைன் இல்லன்னா பி.யூ.

முடிவு எதுவா இருந்தாலும் அதே மரத்துல ஒரு அடி துண்டை வாங்கி, உப்புத்தாள்ல ஆரம்பிச்சு கடைசி கோட் வரைக்கும் அதே சரக்குல அடிக்கச் சொல்லுங்க. ஒரு வாரம் விட்டு நகத்தால அழுத்துங்க, தடம் விழுந்தா காயல. பிளேடால பெருக்கல் குறி மாதிரி கீறி, அது மேல செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்குன்னு இழுங்க. டேப்ல பாலிஷ் செதிலா வந்துச்சுன்னா அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி சீலரை மாத்தச் சொல்லி இன்னொரு துண்டு போடச் சொல்லுங்க.